மீன் தொட்டிய தயவுசெஞ்சு வாராவாரம் கழுவாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன ஞாயிறு இணைப்புல மீன் தொட்டி வளர்ப்பு பத்தி போட்டிருந்தீங்க, படம்லாம் அருமை, ஆனா "வாரம் ஒருமுறை தண்ணீரை முழுவதும் மாற்றி, கற்களை நன்கு கழுவி" அப்படின்னு ஒரு வரி இருந்துச்சு பாருங்க, அதப் படிச்சதும் எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. ஏன்னா ரெண்டு வருஷம் நான் அதத்தான் செஞ்சேன். ஞாயித்துக்கிழமை ஆனா பக்கெட், பிரஷ், பைப்புன்னு பாத்ரூமே அதகளம், புதன் வியாழன்ல ஒரு கப்பி மீன் செத்து மிதக்கும், அடுத்த வாரம் ஒரு மோலி மீன். கடைக்காரரும் சிரிச்சிக்கிட்டே புது ஜோடி குடுப்பாரு.

விஷயம் என்னன்னா மீன் கழிவுல இருந்து அமோனியா வருது, அது மீனுக்கு விஷம். அத நைட்ரைட்டா மாத்த ஒரு பாக்டீரியா, அதையும் நைட்ரேட்டா மாத்த இன்னொண்ணு. நைட்ரைட்டும் விஷம்தான், நைட்ரேட் அவ்ளோ மோசமில்ல. இந்த பாக்டீரியாவெல்லாம் கல்லுலயும் ஃபில்டர் ஸ்பாஞ்சுலயும்தான் ஒட்டிக்கிட்டு இருக்கும், நாம அத குளோரின் கலந்த குழாத் தண்ணியில தேச்சு தேச்சு கழுவுறோம். புது தொட்டியில இதுங்க செட்டாக நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும்னா, வாராவாரம் கழுவுனா எப்பதான் செட்டாகும் சொல்லுங்க.

இப்ப என்கிட்ட இருக்குறது ரெண்டடிக்கு ஓரடி தொட்டி, ஓரடி உயரம், முழுசா ரொப்புனா ஒரு 56 லிட்டர். அடியில ஒரு இஞ்ச் செம்மண், அது மேல வீடு கட்டுனப்போ மிஞ்சுன ஆத்து மணல சலிச்சு கழுவி ஒரு இஞ்ச், அதுல வாலிஸ்நேரியா, வேலம்பாசின்னு ரெண்டு நீர்ச்செடி. லைட்டு சாதா எல்இடி, டைமர் போட்டு ஏழு மணி நேரம், அதுக்கு மேல எரிஞ்சா கண்ணாடியெல்லாம் பச்சை ஆயிடும். ஒரு கடையில கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இல்லாம செடியே வராதுன்னு அடிச்சுச் சொன்னாங்க, ஆயிரக்கணக்குல விலை, நான் வாங்கல. எங்க தாம்பரம் பக்கம் போர் தண்ணி உப்பு, பக்கெட்ல வெள்ளையா படியும், ஆனா இந்த ரெண்டு செடியும் அந்த மாதிரி கடினத் தண்ணியில இருக்குற பைகார்பனேட்ல இருந்தே கார்பன எடுத்துக்கும். எந்தத் தண்ணிய வருஷம் பூரா திட்டிக்கிட்டு இருந்தோமோ அதுலதான் வாலிஸ்நேரியா புல்லு மாதிரி ஓடுது. கொசுறா, அமோனியாவையும் செடி நேரடியா உறிஞ்சிக்குது.

தப்பு பண்ணாம இல்ல. ஜாவா ஃபெர்ன் கிழங்க மண்ணுல புதைச்சு அழுக விட்டேன், அத கல்லுலயோ கட்டையிலயோ கட்டித்தான் விடணுமாம். கிரிப்டோகோரைன் வெண்டியைனு ஒண்ணு, இலங்கை ஓடையில இயற்கையா வளர்றது, நட்ட பத்து நாள்ல இலை மொத்தமும் கூழா கரைஞ்சு போச்சு. செத்துருச்சுன்னு புடுங்கி எறிஞ்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது இடம் மாறுனா அது அப்படித்தான் கரையுமாம், வேர் உசுரோட இருக்குமாம், கொஞ்ச நாள்ல புது இலை விடுமாம். 150 ரூபா குப்பையில.

இப்போ ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ரெண்டு பக்கெட் தண்ணி மட்டும் மாத்துறேன், கார்ப்பரேஷன் தண்ணின்னா குளோரின் போகட்டும்னு முந்தின நாளே புடிச்சு தொறந்து வெச்சிடுவேன். எடுத்த தண்ணி மாடித்தோட்டத்து கத்திரிக்கு. ஸ்பாஞ்ச அந்தப் பழைய தண்ணியிலயே ரெண்டு பிழி, அவ்ளோதான்.

இன்னொண்ணு. கண்ணாடி துடைக்க "டேங்க் கிளீனர்" மீன் ஒண்ணு வாங்கி விடலாம்னும் எழுதியிருந்தீங்க. அது தென் அமெரிக்க மீன்ங்க, கடையில விரல் நீளம் இருக்கும், அப்புறம் ஓரடிக்கு மேல வளரும், தொட்டி பத்தாம நம்மாளுங்க கொண்டு போய் ஏரியில விட்டுர்றாங்க. உடம்பு முழுக்க கவசம் மாதிரி எலும்புத் தகடு, துடுப்புல முள்ளு, வலைய கிழிக்குது, நம்ம ஊரு மீனுக்கு இடமே இல்லாம பெருகுது. ஏரி மீன் பிடிக்கிறவங்கள கேட்டுப் பாருங்க, நல்லா திட்டுவாங்க. அடுத்த மாசம் ஸ்கூல் லீவு விட்டா பசங்க கூட்டமா மீன் வாங்கப் போவாங்க, அதுக்குள்ள இந்த ரெண்டு விஷயத்துக்கும் அதே பக்கத்துல ஒரு திருத்தம் போட்டீங்கன்னா நல்லாருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தாம்பரம்