வாரம் 400 ரூபாய் குறித்து

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நான் நலம். நீயும் மருமகளும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் வாங்கப்போவதாக நீ போனில் சொன்னதை அன்றிரவே, சத்துணவு மையத்தில் மிச்சமான பழைய நோட்டில் எழுதிக் கணக்குப் பார்த்தேன். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

ஃபிரிட்ஜ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருமகளும் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவில் வருகிறாள். மாவு புளிக்காமலும் பிள்ளையின் பால் திரியாமலும் இருந்தால் அவளுக்கு ஒரு மணி நேரமாவது கூடுதலாகத் தூக்கம் கிடைக்கும். வாங்கும் முறைதான் என்னை உறங்கவிடவில்லை. முன்பணம் 2,000, பிறகு வாரம் 400 வீதம் 52 வாரம் என்றாய். சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறவனுக்கு 400 ரூபாய் பெரிதாகத் தெரியாது என்பதை அறிந்தே அந்தத் தவணைக்காரர் விலையைச் சொல்லாமல் வாரத்தைச் சொல்லியிருக்கிறார். 52 வாரத்துக்கு 20,800, முன்பணத்தோடு 22,800. அதே 190 லிட்டர் பெட்டியை நேற்று திண்டுக்கல் கடையில் விசாரித்தேன். ஜிஎஸ்டி உட்பட 15,500 என்றார்கள். ஆக, நீ கூடுதலாகக் கொடுக்கப்போவது 7,300 ரூபாய்.

இதை 15,500-க்கு 7,300 என்று பார்த்தாலும் தவறு. முன்பணம் போக அவர் உனக்குக் கடனாக விடுவது 13,500 மட்டுமே; அதிலும் வாராவாரம் அசல் குறைந்துகொண்டே வருகிறது. கூட்டுறவு வங்கியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற உன் பெரியப்பாவிடம் கொடுத்து, குறையும் அசலுக்கு வட்டி போடச் சொன்னேன். ஆண்டுக்கு ஏறத்தாழ 92 விழுக்காடு வருகிறது என்றார். ஊர்ப் பேச்சில் சொன்னால் ஏழரை வட்டிக்கும் மேல், அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் ஏழரை ரூபாய்க்கும் மேல். மூன்று வட்டி கேட்டாலே அந்தப் படியை மிதிக்க மாட்டோமே, தம்பி! 2003-இலேயே கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடைசெய்து நம் மாநிலத்தில் சட்டம் வந்தது. ஆனால் தவணை அட்டையில் வட்டி என்ற சொல்லே இராது. அது விலைக்குள் ஏறி உட்கார்ந்துவிடுவதால், நாம் கடன் வாங்கியிருக்கிறோம் என்பதே நம் மனத்தில் படுவதில்லை.

உனக்கு நினைவிருக்காது, அப்போது நீ கைக்குழந்தை. 1999-இல் நாங்கள் இப்படித்தான் ஒரு கிரைண்டர் எடுத்தோம். வாரம் 60 ரூபாய், 60 வாரம், மொத்தம் 3,600. கடையில் அதன் விலை 2,400. மஞ்சள் அட்டையில் 38 கட்டங்களில் கையெழுத்து விழுந்திருந்தபோது உன் அப்பா மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். நான்கு வாரம் கட்ட முடியவில்லை. ஐந்தாம் வாரம் வந்த வசூல்காரர் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, உள்ளே வந்து கிரைண்டரின் குழவியை மட்டும் கழற்றிச் சாக்கில் போட்டுக்கொண்டு போனார். அதுவரை நாங்கள் கட்டியிருந்தது 2,280 ரூபாய். கடை விலைக்கு 120 ரூபாய்தான் குறைவு. குழவியில்லாத அந்த உரலை மூலையில் பார்த்துக்கொண்டே, கொல்லையில் கிடந்த ஆட்டுக்கல்லைக் கழுவி மாவாட்டினேன். அந்த வாரங்களை நான் யாரிடமும் சொன்னதில்லை.

உன் வேலையை எண்ணும்போதுதான் அது மீண்டும் நினைவுக்கு வருகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குகளின் மேல் வரியை 50 விழுக்காடாக ஏற்றியபோது, திருப்பூரில் ஆர்டர் நின்று ஷிப்ட் குறைந்ததாக நீதானே சொன்னாய். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வரும் வாரங்களில் சம்பளம் இல்லை; தவணை மட்டும் உண்டு. தவறிய வாரத்துக்கு 50 ரூபாய் அபராதம் என்றும் சொன்னாய். ஆண்டில் ஆறு வாரம் தவறினால் அதுவே 300. மேலும், அவர் கொடுப்பது துண்டுச் சீட்டா, உன் பெயரில் போட்ட பில்லா என்று கேட்டாயா? கம்ப்ரசருக்குப் பத்தாண்டு உத்தரவாதம் என்று எழுதியிருந்தாலும், பழுது பார்க்க வருகிறவர் முதலில் கேட்பது பில்லைத்தான்.

வட்டியில்லாத் தவணை என்று கடைகளில் சொல்வதையும் அப்படியே நம்பிவிடாதே. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-இல் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. கட்டணமாகவோ, விட்டுக்கொடுத்த தள்ளுபடியாகவோ அது எங்காவது சேர்ந்திருக்கும். ஆனால் வங்கியோ நிதி நிறுவனமோ கடன் கொடுத்தால், எல்லாச் செலவும் சேர்த்து ஆண்டு வட்டி எவ்வளவு என்பதைத் தாளில் எழுதிக் காட்ட வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து அது கட்டாயம். அந்த ஒரு எண்ணைத் தவணைக்காரரின் அட்டையில் உன்னால் பார்க்க முடியாது.

நான் நினைத்திருப்பது இதுதான். பெட்டியில் என் மோதிரம் ஒன்று அரைப் பவுனில் இருக்கிறது. அதைப் பொதுத்துறை வங்கியில் வைத்தால் 13,500 தாராளமாகக் கிடைக்கும். வட்டி பெரும்பாலும் ஒரு வட்டிக்குள்தான் இருக்கும். நீ அவருக்குக் கொடுக்க நினைத்த அதே 400 ரூபாயை வாராவாரம் எனக்கு அனுப்பு. மாதத்துக்கு ஒருமுறை நான் வங்கியில் கட்டிவிடுகிறேன். பெரியப்பா கணக்குப்படி 36-ஆவது வாரத்தில் மோதிரம் வீட்டுக்கு வந்துவிடும். அதற்குப் பிறகான 16 வாரத்துப் பணம், 6,400 ரூபாய், பேத்தியின் பள்ளிச் செலவுக்கு நிற்கும். ஒரு வாரம் ஷிப்ட் இல்லாமல் போனாலும் யாரும் உன் வாசலில் வந்து உட்கார மாட்டார்கள்.

அம்மாவின் நகையை அடகு வைப்பதா என்று நீ தயங்குவாய் என்று எனக்குத் தெரியும். அது பெட்டியில் சும்மாதான் கிடக்கிறது, தம்பி. இதைப் படித்ததும் மருமகளிடமும் கொடு. அவளும் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். வியாழக்கிழமை காலைப் பேருந்தில் பணத்தோடு வருகிறேன். சனிக்கிழமை மாலை நாம் மூவரும் கடைக்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை ஃபிரிட்ஜை இறக்குவதாகச் சொன்ன தவணைக்காரருக்கு வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடு. முன்பணத்தைக் கையில் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அம்மா