டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய ஆண்டுகளையும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முன்னாள் ராணுவ வீரர்களின் தற்கொலை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ராணுவ மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் இரண்டு முறை படித்தேன். அக்கறையோடுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கட்டுரை முழுக்க ஒரே கதைதான் ஓடுகிறது: போருக்குப் போனார், பார்க்கக் கூடாததைப் பார்த்தார், திரும்பி வந்தும் அது விடவில்லை. அப்படிப்பட்டவர்கள் உண்டு, வார்டில் பார்த்திருக்கிறேன். ஆனால் போரையே பார்க்காமல் படையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வெளியே வந்து உடைந்து போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

முதலில், அமெரிக்காவில் நாளொன்றுக்கு 22 முன்னாள் வீரர்கள் தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்று கட்டுரையில் வந்த கணக்கு. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத்துறையின் 2012ஆம் ஆண்டு அறிக்கையில் வந்த எண் அது. 21 மாநிலங்களின் இறப்புப் பதிவுகளை வைத்துப் போட்ட உத்தேசக் கணக்கு. அப்புறம் அந்தத் துறையே எல்லா மாநிலங்களின் பதிவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டது. 2022ஆம் ஆண்டுக்கான கணக்கு 6,407 பேர், அதாவது நாளுக்குப் பதினேழு பதினெட்டுப் பேர். இதுவும் தாங்கக்கூடிய எண் அல்ல. எண்ணைத் திருத்துவதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. 22 என்றதும் ஈராக்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் திரும்பிய இளைஞர்கள்தான் எல்லோர் மனதிலும் வருகிறார்கள். உண்மையில் அந்த நாட்டில் இப்படி இறக்கும் முன்னாள் வீரர்களில் பெரும்பகுதியினர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். இளைஞர்களின் எண்ணிக்கை குறைவுதான், ஆனால் அவர்களுக்குள் விகிதம் அதிகம். இவை இரண்டு வேறு பிரச்சினைகள். ஒரே மருந்து இரண்டுக்கும் போதாது.

இளைஞர்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2001க்கும் 2007க்கும் இடையில் அமெரிக்கப் படைகளில் இருந்த 39 லட்சம் பேரை ஆராய்ந்து 2015இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. போர்முனைக்குப் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் தற்கொலை விகிதத்தில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. படையை விட்டு வெளியே வந்தவர்களுக்கும் உள்ளேயே இருந்தவர்களுக்கும் இடையில்தான் வித்தியாசம் தெரிந்தது. அதிலும் நான்கு ஆண்டுகூட முடிக்காமல் வெளியே வந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல். நற்சான்று இல்லாமல் அனுப்பப்பட்டவர்களுக்கும் அப்படித்தான்.

பிரிட்டனிலும் கிட்டத்தட்ட இதே கதை. 1996 முதல் 2018 வரை படையிலிருந்து விலகிய நான்கரை லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, அவர்களுடைய ஒட்டுமொத்தத் தற்கொலை விகிதம் பொதுமக்களைவிட அதிகமில்லை என்று சொன்னது. ஆனால் 25 வயதுக்கு முன்பே விலகியவர்களுக்கு, அதே வயதிலுள்ள மற்றவர்களைவிட ஆபத்து இரண்டு முதல் நான்கு மடங்கு. பயிற்சியே முடிக்காமல் வெளியேறிய பையன்களும் அதில் உண்டு. ஒரு குண்டுச் சத்தம்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. வியட்நாம் போருக்குப் போய் வந்தவர்களைப் பற்றி 1987இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஓர் ஆய்வை வெளியிட்டது. அதே காலத்தில் வேறு இடங்களில் பணியாற்றியவர்களோடு ஒப்பிட்டால், டிஸ்சார்ஜ் ஆன முதல் ஐந்து ஆண்டுகளில் இவர்களின் இறப்பு விகிதம் 45 சதவீதம் அதிகம். அந்தக் கூடுதல் இறப்புகள் வாகன விபத்து, தற்கொலை, கொலை போன்றவற்றால் வந்தவை, நோயால் வந்தவை குறைவு. ஐந்து ஆண்டு கழிந்ததும் அந்த இடைவெளி பெரும்பாலும் மறைந்துவிட்டது. அங்கே போர் காரணமில்லை என்று நான் சொல்லவில்லை. அந்தப் போரின் விளைவுகூட, ஆள் வெளியே வந்த உடனடி ஆண்டுகளில்தான் உயிரைக் குடித்திருக்கிறது.

ஏன் இப்படி? வார்டில் பார்த்ததை வைத்து என்னால் சொல்ல முடிந்தது இதுதான். பட்டாளத்தில் ஒருவருக்கு எழுந்திருக்கும் நேரம் தெரியும், பக்கத்துக் கட்டிலில் யார் என்று தெரியும், தன் பதவி என்ன, தனக்கு மேலே யார் என்பது தெரியும். வெளியே வந்த மறுநாள் இதில் எதுவுமே இல்லை. இருபது வருடம் இருந்து பென்ஷனோடு வருகிறவர் அதற்கு மனதளவில் கொஞ்சமாவது தயாராகியிருப்பார். மெடிக்கல் போர்டு என்கிற மருத்துவர் குழு பார்த்து, ‘தகுதியில்லை’ என்று எழுதி அனுப்பப்படுகிற இருபத்திரண்டு வயதுப் பையன் என்ன தயாராகியிருப்பான்? ஊருக்குப் போய் என்ன சொல்வது என்பதுதான் அவன் தலையில் ஓடும் ஒரே கேள்வி. வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பான். தூக்கம் வருகிறதா என்றாலும் வருகிறது என்பான். வலியைச் சொல்லாமல் இருக்கத்தான் அவனுக்கு அத்தனை நாள் பழக்கியிருக்கிறார்கள்.

வயதானவர்களின் நிலைமை வேறு. அவர்களுக்கு உடம்புதான் முதல் எதிரி. முதுகு வலி, முழங்கால், தூக்கமின்மை, காதுக்குள் ஓயாத இரைச்சல். அமெரிக்காவில் முன்னாள் வீரர்கள் இழப்பீடு பெறும் குறைபாடுகளில் முதலிடம் இந்தக் காது இரைச்சலுக்குத்தான். கேட்க அற்பமாகத் தெரியும், இரவெல்லாம் அதோடு படுத்துக் கிடப்பவரைக் கேட்டால்தான் தெரியும். நாள்பட்ட வலியும் தூக்கமின்மையும் தற்கொலை எண்ணத்தோடு நெருங்கிய தொடர்புடையவை என்று மருத்துவம் சொல்கிறது. போதாக்குறைக்கு, வருடக்கணக்கில் கொடுத்த ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. நிறுத்திய முதல் சில மாதங்களில் தற்கொலையாலும் அளவுக்கு மீறிய மருந்தாலும் இறப்பது கூடுகிறது என்று அமெரிக்க முன்னாள் வீரர்களிடையே நடந்த ஆய்வு காட்டியது. மனநலப் பிரிவுக்கு வராத இந்த ஆள் எலும்பு மருத்துவரிடம் மாதாமாதம் வருகிறார். அங்கே யாராவது அவரைக் கேட்கிறார்களா?

மன வடுவும் தானாக ஆறிவிடுவதில்லை. வியட்நாம் போர் முடிந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தபோதும், அங்கே போய் வந்த அமெரிக்க வீரர்களில் சுமார் 2,71,000 பேர் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். வேலை இருந்த வரை அடங்கியிருந்தது ஓய்வு பெற்றதும் தலை தூக்குவதுண்டு. மனைவி இறந்ததும் வரும். ‘இத்தனை வருஷம் நன்றாகத்தானே இருந்தார்’ என்று குடும்பத்தார் சொல்வது இதனால்தான்.

பெண்களைப் பற்றிக் கட்டுரையில் ஒன்றுமே இல்லாதது எனக்கு வருத்தம். ஆஸ்திரேலியாவின் கணக்கைப் பாருங்கள். அங்கே படைப் பணியில் இருக்கும் ஆண்களின் தற்கொலை விகிதம் பொதுவான ஆண்களில் பாதி அளவுதான். விலகிய ஆண்களுக்கு அது நான்கில் ஒரு பங்கு அதிகம். விலகிய பெண்களுக்கோ, மற்றப் பெண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த நாட்டில் 2021இல் இதற்கென்றே ராயல் கமிஷன் என்கிற உயர்மட்ட விசாரணைக் குழுவை அமைத்தார்கள். 2024 செப்டம்பரில் 122 பரிந்துரைகளோடு இறுதி அறிக்கை வந்தது. படைக்குள் நடக்கும் பாலியல் வன்முறை, கொடுமைப்படுத்துதல், புகார் செய்தவரையே ஒதுக்கிவைப்பது எல்லாம் அதில் பேசப்பட்டன. எதிரி நாட்டால் வந்த காயமல்ல இவை. இவற்றையும் ‘போரின் வடு’ என்ற தலைப்பின் கீழ் அடக்கிவிடக் கூடாது.

சரி, என்ன செய்யலாம் என்று நீங்கள் கேட்கலாம். ‘விழிப்புணர்வு தேவை’ என்று உங்கள் கட்டுரை முடிகிறது. பலன் கொடுத்த காரியங்களே இருக்கின்றன. இஸ்ரேல் ராணுவத்தில் வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் இளம் சிப்பாய்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று 2006இல் விதியை மாற்றினார்கள். தற்கொலை விகிதம் 40 சதவீதம் குறைந்தது, குறைந்ததும் முக்கியமாக வார இறுதியில்தான். இவர்கள் பணியில் இருந்தவர்கள் என்பது உண்மை. ஆனாலும் அந்தக் கொடிய எண்ணம் பெரும்பாலும் ஓர் அலைபோல எழுந்து அடங்கக்கூடியது, அந்த நேரத்தில் ஆயுதம் எட்டாத இடத்தில் இருந்தால் ஆள் பிழைக்கிறார் என்பது வெளியே வந்தவர்களுக்கும் பொருந்தும். கஷ்டமான காலத்தில் துப்பாக்கியை வேறு இடத்தில் ஒப்படைத்து வையுங்கள் என்று குடும்பத்தாரிடம் மருத்துவர் நேரடியாகச் சொல்லலாம்.

இன்னொன்று இதைவிட எளிது. சான்பிரான்சிஸ்கோவில் மருத்துவர் ஜெரோம் மோட்டோ ஒரு சோதனை செய்தார். மருத்துவமனையிலிருந்து போன பின் சிகிச்சையைத் தொடர மறுத்த 843 பேரில் பாதிப் பேருக்கு மட்டும் அவ்வப்போது சிறிய கடிதம் போனது. ‘நலமா, எழுத விரும்பினால் எழுதுங்கள்’ என்கிற அளவுக்குத்தான், வற்புறுத்தல் எதுவும் இல்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது. உதவி கேட்டு வராதவரிடம் நாமாகப் போய் விசாரிப்பதுதான் இதிலுள்ள சூட்சுமம். படையிலிருந்து அனுப்பப்படும் ஒவ்வொருவருக்கும், முக்கியமாக நடுவில் அனுப்பப்படும் இளையவர்களுக்கு, முதல் சில ஆண்டுகள் இதைச் செய்ய எந்த அரசுக்கும் பெரிய செலவு ஆகாது. முகவரியெல்லாம் அவர்களிடமே இருக்கிறது.

கடைசியாக உங்களுக்கே ஒரு குறை. அந்த வீரர் எப்படி உயிரை விட்டார் என்பதைக் கட்டுரையில் ஒரு பத்தி முழுக்க விவரித்திருந்தீர்கள். முறையை விவரிக்க வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்குச் சொல்வதில் காரணம் இருக்கிறது. ஏற்கெனவே தடுமாற்றத்தில் இருக்கும் வாசகர் அதைத்தான் திரும்பத் திரும்பப் படிப்பார். அந்தப் பத்தியின் இடத்தில் உதவி எண்ணைப் போட்டிருக்கலாம், கட்டுரையில் எங்கு தேடியும் அது கிடைக்கவில்லை. அடுத்த இதழிலாவது பெரிய எழுத்தில் வெளியிடுங்கள். கூடவே, டிஸ்சார்ஜ் ஆகி முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் இருப்பவர்கள் சிலரையும் அவர்கள் வீட்டாரையும் சந்தித்து ஒரு கட்டுரை எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ராணுவச் செவிலியர் ஒருவர்