மேலே எறிந்த பந்தும் நம் பிள்ளைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு மாணவர் பக்கத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைத்துப் படிக்கிற உயர்தர வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர் பின்னேரங்களில் என் வீட்டுக்கு வருகிறார்கள். நான் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். கொழுந்து பறித்து வரும் சம்பளத்தில் பிள்ளையை உயர்தரம் வரைக்கும் கொண்டுவந்த தாய்மாரிடம் வகுப்புக் காசு கேட்க எனக்கு மனம் வராது. அதனால் காசு வாங்குவதில்லை. அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் நிலைக்குத்து இயக்கம் எடுத்தோம். முதல் நாள் நான் கேட்டது ஒரே கேள்விதான். ஒரு பந்தை நேரே மேலே எறிகிறோம். உச்சிக்குப் போன அந்தக் கணத்தில் அதன் ஆர்முடுகல், அதாவது வேகம் மாறும் வீதம், எவ்வளவு? எட்டுப் பேரில் ஆறு பேர் பூச்சியம் என்றார்கள். ஏன் என்றால், "அதிலதான் பந்து நிண்டுருச்சே டீச்சர்" என்கிறார்கள்.

இவர்கள் மக்குப் பிள்ளைகள் இல்லை. இணைந்த கணிதத்தில் நான் திணறும் கணக்கையும் செய்து காட்டுகிறவர்கள். பிழை அவர்களிடம் இல்லை என்பது கொப்பிகளை வாங்கிப் பார்த்தபோது விளங்கியது. எல்லாக் கொப்பியிலும் சிவப்புக் கோடிட்டு ஒரே 'குறுக்கு வழி': ஏறும்போது அமர்முடுகல், ஜீ (புவியீர்ப்பால் வரும் ஆர்முடுகல்) மறை, இறங்கும்போது ஆர்முடுகல், ஜீ நேர். ஒரு பிரத்தியேக வகுப்பில் கொடுத்த குறிப்பு, கைமாறிக் கைமாறி எல்லோரிடமும் வந்திருக்கிறது.

தமிழில் படிக்கும் பிள்ளைக்கு இது இரட்டிப்புச் சிக்கல். முடுகுவது என்றால் விரைவது. அதிலிருந்து வேகம் கூடினால் ஆர்முடுகல், குறைந்தால் அமர்முடுகல் என்று இரண்டு சொற்களை வைத்திருக்கிறோம். சொல் இரண்டு என்றால் பொருளும் இரண்டு என்றுதானே பிள்ளை நினைக்கும்? ஏறும்போது ஒன்று, இறங்கும்போது வேறொன்று, ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் உச்சியில் கட்டாயம் பூச்சியம். பிள்ளை போட்ட கணக்கு ஒழுங்கானதுதான். நாம் கொடுத்த தொடக்கம்தான் பிழை.

அன்று கொப்பியை மூடச் சொல்லிவிட்டு எல்லோரையும் வாசலுக்கு அழைத்துப் போனேன். தலவாக்கலையில் பின்னேரம் என்றால் பனிமூட்டம் எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. அன்று கூரை மட்டத்துக்கு வந்திருந்தது. ஒரு பையன் டெனிஸ் பந்தை மேலே எறிந்தான். பந்து மூட்டத்துக்குள் போய் மறைந்து, திரும்ப அவன் கையிலேயே வந்து விழுந்தது. இன்னொரு பிள்ளை கைபேசியில் நேரம் பார்த்தாள். ஏறத்தாழ 2 செக்கன். "சரி, உச்சியில் வேகமும் பூச்சியம், ஆர்முடுகலும் பூச்சியம் என்றால் பந்து ஏன் திரும்பி வந்தது? அந்த மூட்டத்துக்குள்ளேயே தொங்கிக்கொண்டு இருக்க வேண்டியதுதானே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நேரம் பார்த்த பிள்ளைதான், "அப்ப ஜீ மேலயும் இருக்கு டீச்சர், நிக்கிற நேரத்துலயும் கீழதான் இழுக்குது" என்றாள். அந்தப் பிள்ளையின் முகத்தை உங்களுக்குக் காட்ட முடிந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

கையை விட்ட கணத்திலிருந்து திரும்பக் கையில் படும் வரைக்கும் ஆர்முடுகல் ஒன்றேதான், எப்போதும் கீழ்நோக்கித்தான். நம் நாட்டில் அது செக்கனுக்குச் செக்கன் ஏறத்தாழ 9.8 மீற்றர். கணிப்பான் கொண்டுபோக முடியாத பரீட்சையில் 10 என்று கொள்கிறோம். பந்து 2 செக்கனில் திரும்பியதென்றால் ஏற 1 செக்கன், எறிந்த வேகம் செக்கனுக்கு 10 மீற்றர், ஏறிய உயரம் 5 மீற்றர். அடிமட்டம் வைக்காமலே மூட்டத்துக்குள் போன பந்தின் உயரத்தைக் கண்டுபிடித்துவிட்டோம்.

அப்புறம் குறிக்கு வந்தோம். மேல்நோக்கி நேர் என்று ஒரு தடவை முடிவெடுத்தால் கணக்கு முடியும் வரை அதை மாற்றக் கூடாது. கீழ்நோக்கி நேர் என்று எடுத்தாலும் தப்பில்லை, அதையும் கடைசி வரை வைத்திருக்க வேண்டும். குறுக்கு வழிக்காரப் பிள்ளை எங்கே மாட்டிக்கொள்ளும் என்றால், எறிந்த இடத்துக்கும் கீழே போய் விழும் கணக்கில். மலையில் வாழும் எங்களுக்கு அது அன்றாடக் காட்சி. மேட்டு விளிம்பில் நின்று செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் நேர் மேலே ஒரு கல்லை எறிகிறோம். அது 15 மீற்றர் கீழே உள்ள பாதையில் விழுகிறது. எவ்வளவு நேரம்? குறிப்பின்படி போனால் ஏறும் பகுதி தனி, எறிந்த மட்டத்துக்கு இறங்குவது தனி, அதற்குக் கீழே தனி என்று மூன்று கணக்கு. 2 மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினா செய்ய வேண்டிய பிள்ளைக்கு அதற்கெல்லாம் எங்கே நேரம்?

மேல் நேர் என்று வைத்தால் இடப்பெயர்ச்சி மறை 15, ஆர்முடுகல் மறை 10. ஒரே வரி: −15 = 10 × நேரம் − 5 × நேரத்தின் வர்க்கம். தீர்த்தால் இரண்டு விடை வரும். ஒன்று 3 செக்கன், மற்றது மறை 1. வழக்கமாக மறை விடையை வெட்டிவிடச் சொல்வார்கள். நான் வெட்ட விடுவதில்லை. கல் நம் கையிலிருந்து புறப்படாமல், 1 செக்கனுக்கு முன்பு கீழ்ப் பாதையிலிருந்து ஒருவன் செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் மேலே எறிந்திருந்தாலும், அது நம்மைக் கடக்கும்போது சரியாக 10 மீற்றர் வேகத்தில்தான் இருந்திருக்கும். அந்த மறை 1 சொல்வது அதைத்தான். திரும்பப் பாதையில் விழும்போதும் வேகம் அதே 20, கீழ்நோக்கி. இதைச் சொன்னபோது ஒரு பிள்ளை கொப்பியில் வெட்டிய விடையை அழித்துத் திரும்ப எழுதினான்.

ஆய்வுகூடம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். கழற்றிப் போட்ட பழைய கூரைத் தகரம் எந்த லயத்துப் பின்பக்கத்திலும் கிடக்கும். ஒரு பக்கத்துக்குச் செங்கல் வைத்து உயர்த்தி, அதன் பள்ளத்தில் கோலிக்குண்டை விட்டுப் பாருங்கள். முதல் எண்ணிக்கையில் ஒரு சாண் உருண்டால் இரண்டாவது எண்ணிக்கை முடியும்போது 4 சாணில் இருக்கும், மூன்றாவதில் 9. நேரே விழுவதை அளக்க முடியாமல் 400 வருடங்களுக்கு முன்பு கலிலியோ இப்படிச் சாய்த்து உருட்டித்தான் விழும் விதியைக் கண்டார். எங்கள் சென் கிளயர் நீர்வீழ்ச்சியும் இருக்கிறது. 80 மீற்றர், கணக்குப்படி 4 செக்கன். பாறையில் பட்டுச் சிதறி, காற்றும் தடுத்து வருகிற தண்ணீருக்கு அது போதாது. ஏன் போதாது என்று பிள்ளை கேட்கட்டும்.

மலையகத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி தமிழ்ப் பாடசாலைகள் குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பஸ், இரண்டு பஸ் பிடித்துப் போய்ப் படிக்கிறார்கள். பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாத தவணையில் உங்கள் பக்கம்தான் அவர்களுக்கு வகுப்பு. அதில் மாதிரி வினாவுக்கு விடை இலக்கத்தை மட்டும் போடுகிறீர்கள். பல தடவை அதே குறுக்கு வழியையும் போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நிலைக்குத்து இயக்க வினா வரும் வாரத்தில், விடையின் முதல் வரியில் எந்தத் திசை நேர் என்பதை எழுதுங்கள். அதன் கீழே ஒரே சமன்பாட்டில் முழு இயக்கத்தையும் செய்து காட்டுங்கள். இடம் போதாவிட்டால் வினாக்களைக் குறையுங்கள். 10 வினாவுக்குப் பதிலாக 4 போதும்.

எழுதித் தர ஆள் தேவையென்றால், மேட்டு விளிம்புக் கல் கணக்கைப் படத்துடன் எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியை,
தலவாக்கலை.