அப்டேட் விஷயம்: போனில் சொன்னது தப்பு

அன்பு மகளுக்கு,

போன வாரம் போனில் கேட்டாய். உன் பிக்கப் வண்டியின் திரையில் 'அப்டேட் தயார்' என்று தினமும் வந்து நிற்கிறது, அமுக்கட்டுமா வேண்டாமா என்று. "நல்லா ஓடுற வண்டியில எதுக்கும்மா கை வைக்கணும், 'பிறகு'ன்னு போட்டுட்டே இரு" என்றேன். போனை வைத்ததும் எனக்கே உறுத்தியது. யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. பழைய பயம் ஒன்று வாயில் வந்துவிட்டது.

அந்தப் பயத்தின் கதை உனக்குத் தெரியாது. வொர்க்‌ஷாப்பில் ஒரு நாள், லேப்டாப்பை மாட்டி ஒரு வண்டியின் இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் புது புரோகிராம் ஏற்றிக்கொண்டிருந்தேன். பேட்டரியில் மாட்டியிருந்த சார்ஜரின் கிளிப் நழுவியதை யாரும் கவனிக்கவில்லை. பாதியில் வோல்ட்டேஜ் இறங்கி, எல்லாம் நின்றுபோனது. பழைய புரோகிராமும் இல்லை, புதுசும் முழுசாக இல்லை. காலையில் தானே ஓடி வந்த வண்டியைச் சாயங்காலம் தள்ளிக்கொண்டு போய் ஓரமாக நிறுத்தினோம். அன்றிலிருந்து புரோகிராம் ஏற்றுவது என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இப்போது பல வண்டிகளில் முக்கியமான கம்ப்யூட்டர்களுக்கு நினைவகத்தில் இரண்டு இடம் வைத்திருக்கிறார்கள். பழசு ஓடிக்கொண்டிருக்கும்போதே புதுசு பக்கத்து இடத்தில் இறங்கும். சரிபார்த்த பிறகுதான் மாறும், தகராறு செய்தால் பழசுக்கே திரும்பிவிடும். வண்டியில் உள்ள எல்லா கம்ப்யூட்டருக்கும் இந்த வசதி இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் பேட்டரியைப் பற்றிக் கீழே நச்சரிக்கப் போகிறேன்.

'பிறகு' என்று தள்ளிக்கொண்டே போவதிலும் ஆபத்து உண்டு. 2015இல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் தூரத்தில் உட்கார்ந்தபடியே ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப்புக்குள் இணையம் வழியாக நுழைந்து காட்டினார்கள். அந்தக் கம்பெனி 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து, ஓட்டையை அடைக்க பென் டிரைவைத் தபாலில் அனுப்பியது! 2018இல் டெஸ்லாவின் மாடல் 3, மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 152 அடி எடுத்தது. அப்டேட் ஒன்று போனதும் 133 அடியில் நின்றது. பிரேக் பேடைத் தொடாமல் 19 அடி. நான் வேலை கற்ற காலத்தில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

மறுபக்கமும் இருக்கிறது. 2023 நவம்பரில் ரிவியன் என்ற மின்சார வண்டிக் கம்பெனி தவறான பாதுகாப்புச் சான்றிதழோடு ஒரு அப்டேட்டை அனுப்பிவிட்டது. அதை ஏற்றிக்கொண்ட சிலரின் வண்டிகளில் திரை இருண்டுபோனது. வண்டி ஓடியது, ஆனால் வேகம் காட்டத் திரை இல்லை. கம்பெனி விஷயம் தெரிந்து நிறுத்துவதற்குள் முந்திக்கொண்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

ஆகவே போடு, ஆனால் முதல் ஆளாகப் போடாதே. பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக், ரீகால், பாதுகாப்பு ஓட்டை என்று குறிப்பில் இருந்தால் அன்று இரவே போட்டுவிடு. பாட்டு, வரைபடம், திரையின் நிறம் என்றால் ஒரு வாரம், பத்து நாள் பொறு. 'சிறு திருத்தங்கள், செயல்திறன் மேம்பாடு' என்று மட்டும் எழுதியிருந்தாலும் பொறு. எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். நாலு போல்ட்டை மாற்றினால்கூட ஜாப் கார்டில் எழுதிக் கொடுக்க வேண்டியவன் நான். இவர்கள் வண்டியின் மூளையில் கை வைத்துவிட்டு ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

நீ டிரெய்லர் இழுப்பவள். மறுநாள் விடிகாலை கிளம்ப வேண்டும் என்றால் முந்தின இரவு அந்தப் பக்கமே போகாதே. அப்டேட் நடக்கும்போது வண்டியை எடுக்க முடியாது, தொடங்கியபின் நிறுத்தவும் முடியாது. இரண்டு நாள் ஓய்வாக நிற்கும் சமயம் பார், வைஃபை எட்டும் இடத்தில் நிறுத்து. இப்போதுள்ள பதிப்பு எண்ணையும் டிரெய்லர் பிரேக் அளவையும் போட்டோ எடுத்துக்கொள். முடிந்ததும் வெறும் வண்டியோடு ஒரு சுற்று போய், பின் கேமரா, லேன் உதவி (வண்டி கோட்டை விட்டு விலகாமல் பார்ப்பது), டிரெய்லர் பிரேக் எல்லாம் நீ வைத்தபடி இருக்கிறதா என்று பார். சில சமயம் சத்தமில்லாமல் பழைய அமைப்புக்குப் போய்விடும்.

வெளிக்கடை எங்காவது இன்ஜினுக்கு டியூனிங் (அதன் புரோகிராமை மாற்றி அமைப்பது) செய்திருந்தால் அப்டேட் அதை அழித்துவிடக்கூடும். நீ செய்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். செய்திருந்தால் சொல், திட்டமாட்டேன்.

அப்புறம் பேட்டரி. டேஷ்கேம், கூடுதல் விளக்கு என்று நீ மாட்டியிருப்பதெல்லாம் வண்டி நிற்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். சார்ஜ் குறைந்திருந்தால் பல வண்டிகள் அப்டேட்டை ஏற்காது. 'தோல்வி' என்று வந்தால் சர்வீஸுக்கு ஓடாமல் முதலில் அதைப் பார். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான், அப்போது தொடவே தொடாதே.

உனக்கு நான் கொடுத்த மீட்டர் பின் சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டியில்தான் இருக்கும். அதற்குள் இருக்கும் சின்ன பேட்டரியை மாற்றிவிட்டு அளந்து பார், எண்ணை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா