அந்தப் புளிப்பு எங்கிருந்து வருகிறது? – வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, கடை பூட்டுகிற நேரம். வழக்கமாக வரும் அண்ணை ஒருவர் பெரிய பியர் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். தக்கை திறந்திருந்தது, ஒரு கிளாஸ் அளவு குறைந்திருந்தது. "தம்பி, இது புளிச்சுப் போச்சு. இருபது பவுண் குடுத்து வாங்கினது" என்றார். குரலில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம். மகனின் பிறந்தநாளுக்கென்று வாங்கிப் போயிருந்தார். கொஞ்சம் ஊற்றி மணந்து பார்த்தேன். எலுமிச்சைத் தோல், ஈர வைக்கோல், பச்சை ஆப்பிள். அந்த பியர் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தது.

காசைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் மனம் ஆறவில்லை. விற்கும்போது நாங்கள் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பிறந்தநாள் நல்லபடியாகப் போயிருக்கும். அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

ஊரில் கள்ளு இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்க நேரம் எடுக்காது. முட்டியில் சுண்ணாம்பு தடவினால் புளிக்காத கருப்பணி (பதநீர்), தடவாமல் விட்டால் கள்ளு. யாரும் அதற்குள் ஈஸ்ட் போடுவதில்லை. காற்றிலும் பாளையிலும் முட்டியிலும் இருக்கும் நுண்ணுயிர்களே வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பு, பின்னேரம் புளிப்பு.

பெல்ஜியத்தில், பிரசல்ஸ் நகரிலும் அதை அடுத்த சென் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் காய்ச்சும் லாம்பிக் என்ற பியரும் இதே வழிதான். கள்ளுக்கு ஒரு நாள் போதும். லாம்பிக்குக்கு வருடங்கள் வேண்டும்.

மால்ட் ஆக்கிய, அதாவது முளைக்கவைத்து உலர்த்திய, வாற்கோதுமையோடு, மால்ட் ஆக்காத கோதுமையை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சேர்ப்பார்கள். பியருக்குக் கசப்புத் தரும் ஹாப்ஸ் பூவைப் புதிதாகப் போடமாட்டார்கள். இரண்டு மூன்று வருடம் காயவைத்துப் பழசாக்கித்தான் போடுவார்கள். அதில் கசப்பு போய்விடும், கெடாமல் காக்கும் குணம் மட்டும் நிற்கும். மணிக்கணக்கில் கொதிக்கவைத்த சாற்றை, அகலமான, ஆழமில்லாத ஒரு தொட்டியில் ஊற்றி இரவு முழுக்கத் திறந்தே வைத்துவிடுவார்கள். விடிவதற்குள் ஆறிவிடும், காற்றிலுள்ள ஈஸ்டும் பாக்டீரியாவும் இறங்கியிருக்கும். இதனால்தான் குளிர்காலத்தை ஒட்டிய மாதங்களில் மட்டும் காய்ச்சுகிறார்கள். கோடை இரவில் சாறு சீக்கிரம் ஆறாது, வேண்டாத கிருமிகளும் அதிகம்.

லண்டனிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்தில் பிரசல்ஸ் போய்விடலாம். இறங்கிக் கால்மணி நேரம் நடந்தால் ஆண்டர்லெக்டில் லாம்பிக் காய்ச்சும் கான்டியோன் ஆலை. 1900-இல் தொடங்கியது, 1978-இலிருந்து மக்கள் பார்க்க ஏற்ற காட்சிக்கூடமாகவும் இருக்கிறது. நான் போனபோது முதலில் கண்ணில் பட்டது சிலந்தி வலைகள்தான். பீப்பாய்களுக்கு மேலே, உத்தரங்களில், எங்கு பார்த்தாலும் வலை. ஒட்டடை அடிக்க ஆள் இல்லையோ என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது: பியரில் பழம் சேர்க்கும் இடத்துக்குப் பூச்சிகள் வரும், அவற்றைப் பிடிப்பது சிலந்தி. அதனால் அங்கே யாரும் வலையைக் கலைப்பதில்லை. மேல்மாடியில், ஓட்டுக்குக் கீழே, அந்தச் செம்புத் தொட்டி கிடந்தது. வெறுந்தொட்டிதான். ஆனாலும் அதன் விளிம்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

பீப்பாய்க்குள் போனபின் நடப்பது பெரிய கதை. முதலில் சாதாரண ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும். பிறகு லாக்டிக் அமிலம் தரும் பாக்டீரியா வரும். தயிரிலும் தோசை மாவிலும் புளிப்பைத் தருவது இந்தக் கூட்டத்து உறவினர்கள்தான். இடையில் ஒரு கட்டத்தில் பியர் கொழகொழத்து நூல் விடும். நம் வீட்டில் சோறு நூல் விட்டால் கொட்டிவிடுவோம். அங்கே பொறுத்திருக்கிறார்கள். ஏனென்றால் கடைசியாக பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் வந்து அந்த நூலை அறுத்து, பியரைத் தெளியவைக்கும். அந்த வைக்கோல் வாசமும் மாட்டுக்கொட்டில் வாசமும் இது தருவதுதான்.

அந்தப் பெயருக்கு 'பிரித்தானியப் பூஞ்சை' என்று பொருள். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் பியர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருந்த விஞ்ஞானி கிளவுசன் 1904-இல் அதைப் பற்றி அறிவித்தபோது, நீண்ட நாள் வைத்துப் பழசாக்கிய இங்கிலாந்து பியர்களின் தனி வாசத்துக்கு இதுவே காரணம் என்றார். ஆக, நாம் இருக்கும் இந்த லண்டனுக்கும் இந்த ருசி புதிதல்ல. ஒரு காலத்தில் இங்கே போர்ட்டர் என்ற கறுப்பு பியரை மாதக்கணக்கில் மரத்தொட்டிகளில் வைத்திருந்தார்கள். 1814 அக்டோபரில் டொட்டன்ஹாம் கோர்ட் ரோடு பக்கம் அப்படி ஒரு தொட்டி, 22 அடி உயரம், வெடித்து எட்டுப் பேர் இறந்துபோனார்கள்.

ஒரு வருட, இரண்டு வருட, மூன்று வருட லாம்பிக்கைக் கலந்து போத்தலில் அடைத்தால் அது கெஸ். இளசில் மிச்சமிருக்கும் சர்க்கரை போத்தலுக்குள் மறுபடி நொதித்து நுரையைத் தரும். எதில் எவ்வளவு என்பது கலப்பவரின் நாக்கில் இருக்கிறது, பீப்பாய்க்குப் பீப்பாய் ருசி மாறும். புளிப்புச் செர்ரியை ஊறப்போட்டால் அது கிரீக். அண்ணை வாங்கிப் போனது கெஸ்.

பெல்ஜியத்தின் மேற்கு ஃபிளாண்டர்ஸ் பகுதியின் சிவப்பு பியர் வேறு வகை. ரூசலாரே ஊரின் ரோடன்பாக் ஆலையில் வீட்டுக் கூரை உயரத்துக்கு ஓக் தொட்டிகள் நிற்கின்றன. இரண்டு வருடம் அதில் கிடந்ததோடு இளம் பியரைக் கலப்பார்கள். அதில் லேசாக வினாகிரி வாசம் வரும், அது வர வேண்டியதுதான். முதன்முதலாகப் புளிப்பு பியர் குடிப்பவருக்கு நான் இதைத்தான் எடுத்துக் கொடுப்பேன். கொஞ்சம் இனிப்பும் இருப்பதால் நாக்கு மிரளாது.

கேனில் வரும் பழப் புளிப்பு பியர்களையும் கேட்கிறீர்கள். அவற்றில் பெரும்பாலானவை கொதிகலத்திலேயே பாக்டீரியா விட்டு ஓரிரு நாளில் புளிக்கவைப்பவை. ஜெர்மனியின் கோஸே இன்னொன்று, உப்பும் மல்லி விதையும் போட்டது. உப்புப் போட்ட மோர் பிடித்தவர்களுக்கு அது பிடிக்கும். இவற்றுக்குப் பீப்பாயும் இல்லை, காத்திருப்பும் இல்லை. விலை குறைவது அதனால்தான். வெயில் நாளில் நானே விரும்பிக் குடிப்பேன்.

அப்புறம், பூர்பன் விஸ்கிப் பீப்பாயில் வைத்த ஸ்டவுட் என்ற கறுப்பு பியர். அமெரிக்கச் சட்டப்படி பூர்பன் விஸ்கியை உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும். ஒருமுறை பாவித்த பீப்பாயில் மறுபடி பூர்பன் வைக்க முடியாது. அந்தப் பழைய பீப்பாய்கள் பியர் ஆலைகளுக்கும் வந்து சேரும். சிகாகோவின் கூஸ் ஐலன்ட் பியர் ஆலை 1990-களில் இதைத் தொடங்கிவைத்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. ஓக்கிலிருந்தே வனிலா வாசமும் தேங்காய் வாசமும் இறங்கும். இவற்றில் புளிப்பு இருக்கவே கூடாது. நல்ல போத்தல் ஒன்றைத் திறந்தால் பனங்கட்டிப் பாகு காய்ச்சும் அடுப்படி நினைவுக்கு வரும்.

விலையைப் பற்றியும் பலர் கேட்டீர்கள். கெஸ், மூன்று வருடம் வரை இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் பியர். மரத்தின் வழியே ஆவியாகிக் குறையும், சில பீப்பாய்கள் முழுதாகக் கெட்டும் போகும். பெல்ஜியத்திலிருந்து கொண்டுவர இப்போது சுங்கப் பத்திரங்களும் வேண்டும். ஸ்டவுட்டுக்கு வேறு காரணமும் உண்டு. 2023 ஆகஸ்டிலிருந்து இந்த நாட்டில் மதுவரி ஆல்கஹால் அளவைப் பார்த்துப் போடப்படுகிறது. 8.5 சதவீதத்தைத் தொட்டால் பியருக்கும் வைனுக்குரிய அதே வீதம். 12, 14 சதவீத ஸ்டவுட்டுகள் எல்லாம் அதில் விழுகின்றன.

சரி, உண்மையிலேயே கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் காற்றுப் பட்டிருக்கிறது. நகப்பூச்சு அழிக்கும் திரவம் போல மூக்கில் ஏறினாலும் பிழை. ஸ்டவுட் புளித்தால் பிழை. ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் திரவம் போல நாற்றம் வந்தால் வெளிச்சம் பட்டிருக்கிறது. இந்தக் கடைசிப் பிழையை நாங்களே செய்தோம். வடிவாக இருக்கிறது என்று பச்சைப் போத்தல்களைக் கண்ணாடி ஜன்னல் ஓரம் அடுக்கி வைத்திருந்தேன். ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெயிலில் உடைந்து நாறும் என்பது தெரிந்தும் செய்த பிழை. அந்த வரிசை முழுவதையும் கொட்டிவிட்டோம். இப்போது எல்லாம் பின்பக்க இறாக்கையில், இருட்டில் இருக்கின்றன. ஜன்னலில் இருப்பவை வெறும் போத்தல்கள்.

வீட்டில் கெஸ் போத்தலைக் குளிர்ந்த, இருட்டான இடத்தில் வையுங்கள். சிலவற்றில் 20 வருடம் தள்ளிக் காலாவதித் தேதி இருக்கும். அது அச்சுப் பிழை அல்ல. குடிப்பதற்கு அரை மணி முந்தி பிரிஜ்ஜிலிருந்து எடுங்கள். சில போத்தல்களில் மூடிக்குக் கீழே தக்கையும் இருக்கும், உள்ளே அழுத்தம் அதிகம், மெதுவாகத் திறவுங்கள். ஸ்டவுட்டை இன்னும் கொஞ்சம் சூடேற விடுங்கள். ஒரு பெரிய போத்தலை நாலு பேர் பகிர்ந்தால் போதும்.

சந்தேகம் வந்தால் கொட்டிவிடாதீர்கள். மூடிக் கொண்டுவாருங்கள், சேர்ந்து மணந்து பார்ப்போம். பிழை என்றால் காசு திரும்பி வரும். வரும் சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு கடையில் ஒரு கெஸ்ஸும் ஒரு சிவப்பு பியரும் திறக்கிறோம், 18 வயது ஆன எவரும் ஒரு வாய் ருசி பார்க்கலாம். அண்ணையையும் மகனையும் கூப்பிட்டிருக்கிறேன். வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்