பட்டயத்தைப் பற்றிப் பிரசங்கிக்கும் போதகர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பான போதகர் ஐயாமார்களுக்கு, ஸ்தோத்திரம்.

எங்காவது ஒரு குழந்தை கொல்லப்பட்டால், அந்த வார ஞாயிறு ஆராதனையில், ஆளுகிறவர்களின் அதிகாரத்தைப் பேசும் ரோமர் 13 வந்துவிடுகிறது. "பட்டயத்தை அவன் விருதாவாய்ப் பிடித்திருக்கவில்லை", அதாவது ஆளுகிறவன் வாளை வீணாக ஏந்தவில்லை, என்று வாசித்து, பிடிபட்டவனுக்குத் தூக்கு கிடைக்க ஜெபிக்கச் சொல்கிறீர்கள். சபையும் உரக்க ஆமென் சொல்கிறது. குற்றப்பத்திரிகைகூட அதற்குள் தாக்கலாகியிருக்காது.

தண்டிக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்பதில் எனக்கும் உங்களுக்கும் வழக்கில்லை. மரணத்துக்கு ஏதுவானதைச் செய்திருந்தால் சாக மறுக்கமாட்டேன் என்று ரோம தேசாதிபதி பெஸ்துவின் முன்பாகப் பவுலே சொன்னார். ஆனால் அந்தப் பட்டயம் யார் கழுத்தில் விழுகிறது என்று பார்க்கிற பொறுப்பு சபைக்கு இல்லையா?

2003 ஜூனில் மகாராஷ்டிரத்தின் நாசிக் பகுதியில் ஒரு தோட்டத்தில் குடியிருந்த குடும்பத்தார் உட்பட ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். நாடோடிப் பழங்குடியினர் ஆறு பேருக்கு விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்தது. உயர் நீதிமன்றம் மூவருக்கு அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அந்த மூவருக்கும் மறுபடி தூக்கையே விதித்தது. 2019 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் விடுதலை செய்தது. உயிர் தப்பிய பெண், போலீஸ் காட்டிய புகைப்படங்களில் வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார். அந்த நால்வர்மீது விசாரணை போகவே இல்லை. இடையில் 2009 தீர்ப்பு நிறைவேறியிருந்தால்?

அந்த வழக்கில் நேரில் பார்த்த சாட்சிகள் இரண்டு பேர் இருந்தார்கள் ஐயா. மரண தண்டனைக்குக் குறைந்தது இரண்டு சாட்சிகள் என்று உபாகமம் 17 கேட்கிற எண்ணிக்கை சரி. திராட்சத்தோட்டத்துக்காகப் பொய்ச்சாட்சியால் கொல்லப்பட்ட நாபோத்துக்கும் (1 இராஜாக்கள் 21) எண்ணிக்கை சரியாகவே இருந்தது. உபவாசம் கூறினார்கள், மூப்பர்கள் கூடினார்கள், இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள், கடிதத்தில் ஆகாப் ராஜாவின் முத்திரை. எல்லாம் முறைப்படி நடந்துதான் அவன் கல்லெறிபட்டுச் செத்தான். நியாயாதிபதிகள் நன்றாய் விசாரிக்கவேண்டும் என்று உபாகமம் 19 சொல்கிறது. கொலைசெய்தவன் சாகவேண்டும் என்னும் ஆதியாகமம் 9:6-ஐ மனப்பாடமாகச் சொல்லும் பலர் அந்தப் பக்கம் போவதே இல்லை.

கிறிஸ்துமஸுக்குச் சிறைக்குக் கேக் கொண்டுபோகிறோம், நல்லது. வக்கீல் வைக்க வழியில்லாத விசாரணைக் கைதிகள் யார் என்றும் அங்கே கேளுங்கள். நம் சபைகளில் வக்கீல்களுக்குப் பஞ்சமில்லை. பலர் முன்வரிசையில்தான் உட்காருகிறார்கள். கொலையுண்டவர் வீட்டுக்கும் போங்கள், கேமரா இல்லாமல். ரோமர் 13-ஐ எடுக்கிற அன்று 1 இராஜாக்கள் 21-ஐயும் வாசியுங்கள். தூக்கு கேட்கும் ஜெபத்தை, தீர்ப்பு வரும்வரையாவது நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
சபையார் ஒருவர்