ஆகஸ்ட் பெல்மான்ட் காணொளியைத் திரும்பப் பெறுங்கள்: தமிழ் வரலாற்றுக் காணொளி நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நியூயார்க் வங்கியாளர் ஆகஸ்ட் பெல்மான்டைப் பற்றி நீங்கள் வெளியிட்ட காணொளியில் உள்ள பிழைகளைக் குறித்து உங்களுக்கு முன்பே தனி மடல் எழுதியிருந்தேன். அதற்குப் பதில் வரவில்லை என்பதோடு, அதே கதையின் இரண்டாம் பகுதி விரைவில் வரும் என்ற அறிவிப்பும் வந்துவிட்டதால், இதைப் பலரும் படிக்கும்படி எழுத வேண்டியதாகிவிட்டது. என் கோரிக்கை ஒன்றுதான். அந்தக் காணொளியைத் திரும்பப் பெற்று, அதில் எவையெல்லாம் தவறு என்பதை அதே இடத்தில் உங்கள் குரலிலேயே சொல்லுங்கள்.

நீங்கள் பேசியது உங்களுக்கே தெரியும் என்பதால் முழுவதையும் திருப்பிச் சொல்லப்போவதில்லை. ஐரோப்பாவின் யூத வங்கிக் குடும்பமான ரோத்சைல்டு குடும்பம் அமெரிக்காவைப் பிடிக்க அனுப்பிய ஒற்றர், அமெரிக்க உள்நாட்டுப் போரை மூட்டிவிட்டவர், 1895-இல் அமெரிக்க அரசின் கழுத்தில் கடன் கயிற்றை மாட்டியவர், இதையெல்லாம் மறைக்கக் குதிரைப் பந்தயத்தைத் திரையாக வைத்துக்கொண்டவர் என்றெல்லாம் அடுக்கிவிட்டு, எல்லாமே ‘யூதர்களின் திட்டம்’ என்று முடித்திருக்கிறீர்கள்.

முதலில் 1895-ஐ எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்கக் கருவூலத்தில் தங்க இருப்பு கரைந்துகொண்டிருந்த அந்த ஆண்டில், வங்கியாளர் ஜே. பி. மோர்கனும் பெல்மான்ட் நிறுவனமும் சேர்ந்து ஏறத்தாழ 35 லட்சம் அவுன்ஸ் தங்கத்தை அரசுக்குத் திரட்டிக் கொடுத்து, அதற்கு ஈடாகக் கடன் பத்திரங்களைப் பெற்றுக்கொண்டன. வங்கியாளர்கள் அடைந்த லாபத்தைக் கண்டித்து அன்றைக்கே அமெரிக்காவில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அந்தக் கண்டனத்தில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த ஏற்பாட்டில் ரோத்சைல்டுகளின் சார்பாக நின்றவர் மகன், இளைய ஆகஸ்ட் பெல்மான்ட். தந்தை 1890 நவம்பர் 24 அன்றே காலமாகிவிட்டார். நீங்கள் திரையில் காட்டிய படம் தந்தையுடையது. சொன்ன செயல் மகனுடையது. நியூயார்க்கில் 1905-இல் திறக்கப்பட்ட பெல்மான்ட் பார்க் பந்தயத் திடலையும் தந்தையின் கணக்கிலேயே எழுதிவிட்டீர்கள்; அதுவும் மகன் மற்றவர்களோடு சேர்ந்து உருவாக்கியது. இருவருக்கும் ஒரே பெயர் என்பதால் வந்த குழப்பமாக இருக்கலாம். ஒரு கலைக்களஞ்சியத்தைப் புரட்டிப் பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும் குழப்பம் இது.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று நீங்கள் கேட்கக்கூடும். நான் ஒரு கலைக் கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். எங்கள் துறையில் முதுகலை பயிலும் மாணவி ஒருவர், குடும்பத்தில் முதல் பட்டதாரி, பள்ளிக் காலத்திலிருந்தே தமிழ்வழியில் படித்து வந்தவர், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் வங்கி நெருக்கடிகளைத் தன் கருத்தரங்கக் கட்டுரைக்கு எடுத்துக்கொண்டார். எங்கள் நூலகத்தில் இதைப் பற்றித் தமிழில் ஒரு நூல்கூட இல்லை. ஆகவே உங்கள் காணொளியை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, வரி வரியாக எழுதியெடுத்துக் கட்டுரையாக்கியிருந்தார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தாளைப் புரட்டிவிட்டு, “1890-இல் இறந்துபோனவர் 1895-இல் எப்படியம்மா கடன் கொடுத்தார்?” என்று கேட்டார். அந்தப் பெண் பக்கங்களை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், விடை அங்கே எங்கோ இருக்கிறது என்பதைப் போல. அடுத்து, யூதர்களின் திட்டம் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டபோது, அவர் நேர்மையாக உங்கள் அலைவரிசையின் பெயரைச் சொன்னார். அறையில் சிலர் சிரித்துவிட்டார்கள். அவர்களைக் கண்டித்தேன். ஆனால் அந்தப் பெண்ணை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியவர்கள் சிரித்தவர்கள் இல்லையே, நண்பர்களே. ஆங்கிலத்தில் தடையின்றிப் படிப்பவருக்கு உங்கள் குரல் பலவற்றுள் ஒன்று. அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த குரல் உங்களுடையது மட்டுமே.

இவ்வளவு பெரிய பொறுப்பை வைத்துக்கொண்டு நீங்கள் விட்டுவிட்ட வரலாறு என்னவென்று பாருங்கள். தந்தை பெல்மான்ட் 1813-இல் ஜெர்மனியின் அல்சே என்ற சிற்றூரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். சிறு வயதில் தாயை இழந்து, பிராங்க்பர்ட்டில் உறவினர் வீட்டில் வளர்ந்து, பதின்ம வயதில் ரோத்சைல்டு வங்கியில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாக நம்பிக்கைக்குரிய குமாஸ்தா ஆனார். 1837-இல் வங்கி அவரை அனுப்பியது கியூபாவின் ஹவானாவுக்கு. வழியில் நியூயார்க்கில் இறங்கியபோது அந்த ஊரே பொருளாதார நெருக்கடியில் ஆடிப்போயிருந்தது. ரோத்சைல்டுகளின் அமெரிக்க முகவராக இருந்த நிறுவனமும் திவாலாகியிருந்தது. கடல் கடந்து கடிதம் போய்ப் பதில் வர வாரக்கணக்கில் ஆகும் காலம் அது. அவர் காத்திருக்கவில்லை. அங்கேயே தங்கி, வால் ஸ்ட்ரீட்டில் ஓர் அறையை எடுத்துத் தன் பெயரிலேயே நிறுவனத்தைத் தொடங்கியபோது அவருக்கு வயது 23. திட்டமிட்டு அனுப்பப்பட்ட ஒற்றர் என்று நீங்கள் சொன்ன மனிதர், உண்மையில் போகச் சொன்ன ஊருக்குப் போகாமல் வழியிலேயே தங்கிவிட்ட இளைஞர்.

போரைப் பற்றிச் சொன்னது இதைவிடப் பெரிய தவறு. பெல்மான்ட் 1860 முதல் 1872 வரை ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுவுக்குத் தலைவராக இருந்தார். 1860 அதிபர் தேர்தலில் லிங்கனுக்கு எதிராகத் தன் கட்சியின் ஸ்டீபன் டக்ளஸை ஆதரித்தார். ஆனால் தென்மாநிலங்கள் பிரிந்தபோது லிங்கனின் ஒன்றிய அரசின் பக்கம் நின்று, ஜெர்மானியக் குடியேறிகளைக் கொண்ட ஒரு படைப்பிரிவைத் திரட்ட உதவினார். 1861-இல் லண்டனில் பிரிட்டிஷ் பிரதமர் பால்மர்ஸ்டனைச் சந்தித்தார். அடிமை முறை எங்களுக்குப் பிடிக்காது, ஆனால் எங்களுக்குப் பஞ்சு வேண்டும், உங்கள் சுங்கவரியும் பிடிக்கவில்லை என்ற கருத்தில் பால்மர்ஸ்டன் சொன்னதை வாஷிங்டனுக்கு எழுதித் தெரிவித்தவரும் இவரே. தென்மாநிலங்களுக்காக 1863-இல் ஐரோப்பாவில் பெரும் கடனைத் திரட்டியது எர்லாங்கர் என்ற வேறொரு வங்கி. இருந்தும் 1864 தேர்தலின்போது, பெல்மான்டும் ரோத்சைல்டுகளும் ‘யூதக் கூட்டமும்’ தென்மாநிலக் கடன் பத்திரங்களை வாங்கிக் குவித்துவிட்டு, அதில் கொழுப்பதற்காகவே சமாதானம் பேசுகிறார்கள் என்று லிங்கனின் கட்சியைச் சார்ந்த சிகாகோ நாளேடு ஒன்று எழுதியது. மறைக்கப்பட்ட உண்மை என்று நீங்கள் இன்று தமிழில் தருவது, 160 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தத் தேர்தல் வசையைத்தான்.

பெல்மான்டைப் போற்றிப் பாடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவரைக் குறை சொல்ல மெய்யான காரணங்களே நிறைய இருக்கின்றன. அடிமை முறையை ஒழிப்பதைவிடத் தென்மாநிலங்களோடு சமரசம் காண்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது. அதிபர் பிராங்க்ளின் பியர்ஸின் தேர்தலுக்குப் பணத்தை வாரி இறைத்த பின்னரே 1853-இல் நெதர்லாந்துக்கான தூதர் பதவி அவருக்கு வந்தது. கியூபாவை ஸ்பெயினிடமிருந்து வாங்கிவிடலாம் என்று திட்டம் தீட்டியவர்களில் அவரும் ஒருவர். இவற்றில் ஒன்றைக்கூட உங்கள் காணொளி தொடவில்லை. ஒருவரின் செயலைப் பார்க்காமல் பிறப்பைப் பார்த்துத் தீர்ப்பு எழுதினால், உண்மையான குற்றங்கள்கூடத் தப்பிவிடுகின்றன.

குதிரைகளைத் திரை என்றீர்கள். 1866-இல் லியனார்ட் ஜெரோம் தொடங்கிய ஜெரோம் பார்க் திடலுக்குப் பணம் கொடுத்து உதவியவர் பெல்மான்ட். அமெரிக்க ஜாக்கி கிளப்பின் தலைவராக நெடுங்காலம் இருந்தவர். அவர் பெயரைத் தாங்கிய பந்தயம் 1867-இல் முதன்முறையாக ஓடியபோது ரூத்லெஸ் என்ற பெண் குதிரை வென்றது. 1869-இல் அவருடைய சொந்தக் குதிரையான ஃபீனியன் வென்றது. இன்று வழங்கப்படும் வெள்ளிக் கோப்பையின் மூடியில் நிற்பது அந்த ஃபீனியனின் உருவமே. லாங் ஐலண்டின் பாபிலோன் பகுதியில் ஓடுதடத்தோடு பெரிய பண்ணையை அமைத்து, பின்னர் 1885 வாக்கில் இனவிருத்தியைக் கென்டக்கிக்கு மாற்றினார். 1890-இல் பெருந்தொகைப் பரிசு கொண்ட ஃபியூச்சுரிட்டி பந்தயத்தில் அவருடைய குதிரைகளான பொட்டோமாக் முதலாவதாகவும் மாஷர் இரண்டாவதாகவும் வந்தன. பொட்டோமாக்கை ஓட்டியவர் ஆந்தனி ஹாமில்டன் என்ற கறுப்பின ஜாக்கி. அந்நாளில் அமெரிக்காவின் மிகச் சிறந்த ஜாக்கிகள் பலர் கறுப்பினத்தவராக இருந்ததும், பின்னர் அவர்கள் அந்தத் தொழிலிலிருந்தே விரட்டப்பட்டதும் மனத்தை உலுக்கும் வரலாறு. யாராவது தமிழில் சொல்லவேண்டிய வரலாறு. அதே 1890 நவம்பரில் நியூயார்க்கில் நடந்த குதிரைக் கண்காட்சியில் நடுவராக நின்றபோது பிடித்த சளி முற்றித்தான் பெல்மான்ட் இறந்தார். அடுத்த ஆண்டு அவருடைய குதிரைகள் ஏலத்துக்கு வந்தன. இங்கிலாந்தின் டெர்பி பந்தயத்தை 1883-இல் வென்ற செயின்ட் பிளேஸ் என்ற குதிரை ஏலத்தில் நிறுத்தப்பட்டபோது, ஒருவர் எடுத்த எடுப்பில் 1,00,000 டாலர் என்றார். அதற்கு மேல் கேட்க யாருமில்லை. ஒரு மனிதர் கால் நூற்றாண்டு காலம் உயிரைக் கொடுத்து வளர்த்த ஒன்றைத் திரை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டீர்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பணத்தைக் கையாளும் ஒரு சமூகத்தை முழுவதுமாகச் சதிகாரர்கள் என்று சொன்னால் என்ன ஆகும் என்பது தமிழர்களுக்குத் தெரியாததில்லை. 1930-களில் நெல் விலை சரிந்து, கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழ கால் பகுதி கடனுக்காகச் செட்டியார்கள் கைக்கு வந்தபோது, உழவர்களின் துயரம் மெய்யானது. ஆனால் உலகச் சந்தையின் வீழ்ச்சியும் காலனி அரசின் நிலச் சட்டமும் பேசப்படவில்லை. வட்டிக்கடை வைத்தவரின் இனமே பேசப்பட்டது. அந்த வெறுப்பு கடைசியில் கடை வைத்தவரோடு நிற்காமல், கூலி வேலைக்குப் போன தமிழர்மீதும் பாய்ந்தது. இதை அறிந்த மொழியில், வேறொரு மக்களைப் பற்றி அதே பேச்சைப் பேசுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே மீண்டும் பணிவோடு கேட்கிறேன். அந்தக் காணொளியைத் திரும்பப் பெறுங்கள். 1895-இன் கடன் ஏற்பாடும் 1905-இன் பந்தயத் திடலும் மகனுடையவை என்பதையும், போரைத் தந்தை மூட்டினார் என்பதற்கும் ‘யூதர்களின் திட்டம்’ என்பதற்கும் ஆதாரம் இல்லை என்பதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். என் மாணவி கட்டுரையைத் திருத்தி எழுத இந்தப் பருவ முடிவுவரை அவகாசம் இருக்கிறது. அதற்குள் உங்கள் திருத்தம் வெளிவந்தால் அவர் அதையே சான்றாகக் காட்டலாம். இரண்டாம் பகுதியின் எழுத்துப்படியைப் பதிவு செய்வதற்கு முன் எனக்கு அனுப்பினால், படித்துத் திருத்தித் தர அணியமாக இருக்கிறேன். அதற்குக் கட்டணமோ, திரையில் என் பெயரோ வேண்டியதில்லை. என் முந்தைய மடலிலுள்ள முகவரிக்கே பதில் எழுதலாம்.

அன்புடன்,
ஒரு வரலாற்று ஆசிரியர்